படித்துக்கொண்டிருப்பவை, படித்து முடித்தவை: கிறிஸ்தவ வாசிப்பைத் தொடங்குபவர்களுக்கு

பவுல் தன் முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்தக் கடிதத்தின் கடைசி அதிகாரத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார். கூடவே புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவா என்கிறார் (2 தீமோத்தேயு 4:13). குளிருக்கு அங்கி, வாசிக்கப் புத்தகம். சிறையிலிருந்து ஓர் அப்போஸ்தலன் கேட்டவை இவ்வளவுதான்.

இன்று வாசிக்கத் தொடங்கும் கிறிஸ்தவருக்குப் புத்தகப் பஞ்சம் இல்லை. எதை முதலில் எடுப்பது, எப்படி முடிப்பது, முடித்த பிறகு அதை என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். ஆர்வத்தில் ஐந்தாறு புத்தகங்களை ஒரே சமயத்தில் திறந்து வைக்கிறார்கள். ஒரு மாதத்தில் எல்லாமே முப்பதாம் பக்கத்தில் நின்றுவிடுகின்றன. அப்படி நின்றவர்களுக்காகவும், இன்னும் தொடங்காதவர்களுக்காகவும் இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

நோட்டில் இரண்டு பட்டியல்

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் "படித்துக்கொண்டிருப்பவை" என்று எழுதுங்கள். அதன் கீழே மூன்று வரிகளுக்கு மட்டும் இடம் விடுங்கள். நோட்டின் நடுவிலிருந்து "படித்து முடித்தவை" என்று தொடங்கி, புத்தகத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

முதல் பக்கத்தில் மூன்றே வரி என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்காவது புத்தகம் கண்ணில் பட்டால் அதன் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைக்கலாம். மூன்றில் ஒன்று முடிந்தால்தான் அது முன்பக்கத்துக்கு வரும். எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் பன்யனை நினைத்துக்கொள்ளலாம். அவர் மனைவி திருமணத்தின்போது சீதனமாகக் கொண்டுவந்தவை, அவள் தகப்பன் விட்டுச்சென்ற இரண்டே இரண்டு பக்திப் புத்தகங்கள். அவற்றைத்தான் அவர் மனைவியோடு உட்கார்ந்து வாசித்தார். பிற்பாடு பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்த அந்தப் பாத்திரம் பழுதுபார்ப்பவர் 1678-இல் வெளியிட்டதுதான் 'மோட்ச பிரயாணம்'. அதைத் தழுவித்தான் தமிழ்க் கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைத் தமிழுக்குத் தந்தார். கொஞ்சமாகப் படித்தாலும் ஊறிப் படித்தவர் பன்யன்.

முதல் வரி வேதாகமத்துக்கு

மூன்று வரிகளில் முதலாவது எப்போதும் வேதத்தின் ஒரு புத்தகமாக இருக்கட்டும். அங்கே "வேதாகமம்" என்று மொத்தமாக எழுத வேண்டாம். "மாற்கு" என்றோ "ரூத்" என்றோ எழுதுங்கள். அப்போதுதான் முடித்த பட்டியலுக்கு நகர்த்த முடியும். முடித்தோம் என்ற நிறைவு புதியவருக்கு மிகவும் தேவை.

மாற்கில் தொடங்கச் சொல்வேன். 16 அதிகாரங்கள்தான். சத்தமாக வாசித்தாலும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் முறை ஒரே அமர்வில் வாசியுங்கள். இரண்டாம் முறை நாளுக்கு ஓர் அதிகாரம். ஞாயிறுதோறும் துண்டு துண்டாகக் கேட்ட கதைகள் ஒரே ஓட்டமாக வரும்போது, இயேசு எவ்வளவு வேகமாக எருசலேமை நோக்கிப் போகிறார் என்பது முதல் தடவையாகப் புரியும்.

கணக்கு தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு: 66 புத்தகங்கள் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு ஒன்று என்றால் மூன்றேகால் வருஷம் ஆகும். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று வைத்தால் சரியாக 52 வாரம். சனி, ஞாயிறு விட்டுப்போனதைப் பிடிக்க உதவும். இந்த ஓராண்டுத் திட்டம்தான் புதியவருக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். ஒரே வருஷத்தில் வேதம் முழுவதையும் வாசிக்கும் திட்டத்தில் இறங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் ஏராளம். கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள் இருப்பதால் அதை வாசிப்பவர்களுக்கு மொத்தக் கணக்கு மாறும். புதிய ஏற்பாட்டுக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

சங்கீதங்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவை தினமும் கூடவே வரட்டும். 150 சங்கீதங்கள், நாளுக்கு ஐந்து என்றால் மாதம் ஒரு சுற்று. ஐந்து அதிகம் என்றால் ஒன்று. நான்காம் நூற்றாண்டின் ஆயர் அத்தனாசியு, மார்செல்லினு என்பவருக்குச் சங்கீதங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். வேதத்தின் மற்ற பகுதிகளில் மற்றவர்களின் சொற்களைக் கேட்கிறோம். சங்கீதத்தில் நம் மனசே கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிகிறது, அந்தச் சொற்களை நம் சொற்களாகவே சொல்ல முடிகிறது என்பது அவர் கருத்து. 88-ஆம் சங்கீதத்தை மனம் உடைந்த நாளில் வாசித்துப் பாருங்கள். ஆறுதல் வரி ஒன்றுகூட இல்லாமல் இருளில் முடிகிற ஜெபம் அது. அப்படி ஒரு ஜெபமும் வேதத்துக்குள் இடம் பெற்றிருக்கிறதே என்பதுதான் ஆறுதல்.

இரண்டாம் வரி பழைய புத்தகத்துக்கு

இருபதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் ஒரு யோசனை சொன்னார். புதிய புத்தகம் ஒன்றைப் படித்தால், நடுவில் ஒரு பழைய புத்தகத்தைப் படிக்காமல் அடுத்த புதியதைத் தொடாதே. அது முடியாவிட்டால் மூன்று புதியவற்றுக்கு ஒரு பழையதாவது படி. அத்தனாசியுவின் 'வார்த்தை மனிதரானது' பற்றிய சிறு நூலின் மொழிபெயர்ப்பு 1944-இல் வந்தபோது அதற்கு எழுதிய முன்னுரையில் இதைச் சொல்கிறார். ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கே உரிய குருட்டுத்தனம் உண்டு. நம் காலத்துக் குருட்டுத்தனம் நம் காலத்துப் புத்தகங்களிலும் இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்கப் பழையவர்கள் வேண்டும் என்பது அவர் காரணம். நான் இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

பழையது என்றாலே கடினம் என்று பயப்பட வேண்டாம். சகோதரர் லாரன்ஸ் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை பார்த்தவர். பிறகு செருப்புத் தைத்தவர். 1691-இல் இறந்தார். அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் பிறர் தொகுத்ததுதான் 'தேவப் பிரசன்னப் பயிற்சி' என்று நாம் அறியும் சின்ன நூல். நாளுக்கு ஒரு கடிதம் வாசித்தால் மூன்று வாரத்துக்குள் முடியும். தோமா கெம்பிசின் 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' 15-ஆம் நூற்றாண்டு நூல். அதன் அதிகாரங்கள் ஒன்றிரண்டு பக்கம்தான், ஆனால் அடுத்தடுத்து விழுங்கக் கூடாது. ஒன்று படித்தால் அன்றைக்கு அது போதும்.

வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டினின் 'அறிக்கைகள்' மட்டும் கொஞ்சம் தயாரிப்போடு எடுக்க வேண்டியது. கி.பி. 400-ஐ ஒட்டி எழுதியது, 13 பகுதிகள். முதல் ஒன்பது அவர் வாழ்க்கை. பத்தாவது நினைவாற்றலைப் பற்றியது. கடைசி மூன்று காலத்தையும் ஆதியாகமத்தின் தொடக்கத்தையும் பற்றியவை. புதியவர் ஒன்பதாம் பகுதியில் அவருடைய தாய் மோனிக்காவின் மரணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நோட்டில் "1 முதல் 9 வரை" என்று உள்ளபடி எழுதிவிட்டால் போதும். இன்னொன்று: புத்தகம் முழுவதும் கடவுளைப் பார்த்துப் பேசுவதாகவே போகிறது. யாரோ ஜெபிக்கிற அறைக்குள் நாம் நிற்கிறோம் என்று எண்ணி வாசித்தால், முதல் சில பக்கங்களில் தோன்றும் திகைப்பு போய்விடும்.

மூன்றாம் வரி உங்கள் தேவைக்கு

இங்கே உங்கள் விருப்பம்தான். சாட்சி நூல், வாழ்க்கை வரலாறு, விசுவாசத்தை விளக்கும் நூல், நாவல் எதுவும் இருக்கலாம். விசுவாசத்தின் அடிப்படைகளில் தெளிவு வேண்டுமென்றால் லூயிஸின் 1952-ஆம் ஆண்டு நூலான 'வெறும் கிறிஸ்தவம்' நல்லது. போர்க்காலத்தில் வானொலியில் பேசிய உரைகளிலிருந்து உருவானதால் அதிகாரங்கள் சிறியவை, பேச்சுநடை. சபையில் கூடி வாழ்வது பற்றிக் கேள்வி இருந்தால் ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபரின் 'கூடி வாழ்தல்' எடுக்கலாம். ஃபிங்கன்வால்டேயில் அவர் நடத்திய குருத்துவப் பயிற்சிப் பள்ளியை 1937-இல் நாஜிக் காவல்துறை மூடியது. அங்கே வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி 1939-இல் அவர் வெளியிட்ட மெல்லிய நூல் இது. ஐந்தே அதிகாரங்கள். சபையைப் பற்றி நம் மனசில் இருக்கும் கனவை நேசிப்பவன் சபையையே கெடுத்துவிடுவான் என்று அவர் எச்சரிக்கும் பகுதிக்கு வரும்போது நின்று வாசியுங்கள். சபை சபையாக மாறிக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பக்கங்கள்.

நாவலைக் கிறிஸ்தவ வாசிப்பில் சேர்க்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். தஸ்தயேவ்ஸ்கி 'கரமாசோவ் சகோதரர்கள்' நாவலின் முகப்பில் யோவான் 12:24-ஐ வைத்தார்: நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியைப் பற்றிய வசனம். குழந்தைகள் படும் துன்பத்தைச் சொல்லி, கதையில் வரும் இவான் கடவுளுக்கு எதிராக வைக்கும் வாதத்தை இவ்வளவு பலமாக எழுத ஒரு விசுவாசியால் முடிந்தது என்பதே நமக்குப் பாடம். ஆனால் அதை முதல் வருஷத்தில் எடுக்காதீர்கள். பெரிய நூல், வேறு எதற்கும் இடம் விடாது.

கையில் எடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள்

கிறிஸ்தவப் புத்தகம் என்று அட்டையில் இருந்தால் மட்டும் போதாது. பெரேயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் 17:11 அவர்களைப் பாராட்டுகிறது. எழுத்தாளர் எந்தச் சபை மரபிலிருந்து எழுதுகிறார் என்று முதலில் பாருங்கள். கத்தோலிக்கர், சீர்திருத்த மரபினர், பெந்தெகொஸ்தேயினர், ஆர்த்தடாக்ஸ் மரபினர் யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். எங்கே நின்று பேசுகிறார் என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

அடுத்து, புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் காட்டியிருக்கும் வசனம் ஒன்றை வேதத்தில் எடுத்து, முன்னும் பின்னும் ஐந்து வசனம் வாசியுங்கள். எரேமியா 29:11 நல்ல உதாரணம். கர்த்தர் நம்மேல் நினைத்திருப்பவை சமாதானத்துக்கான நினைவுகள் என்று சொல்லும் அந்த வசனத்தை, வேலை, வீடு, பதவி உடனே கிடைக்கும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டும் புத்தகங்கள் உண்டு. ஒரு வசனம் மேலே போங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகே திரும்ப வரப் பண்ணுவேன் என்று இருக்கிறது. அதற்கும் மேலே, அந்த அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பிவருவதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். இந்த எழுபது வருஷத்தைச் சொல்லாமல் அந்த ஒரு வசனத்தை மட்டும் நீட்டுகிற எழுத்தாளர், மற்ற வசனங்களையும் அப்படித்தான் நடத்துவார். புத்தகத்தை வைத்துவிடலாம்.

எல்லாக் கதையிலும் எழுத்தாளரே வெற்றி பெறுகிறாரா என்றும் பாருங்கள். தன் தோல்வியை, பதில் கிடைக்காத ஜெபத்தை ஓர் இடத்திலாவது சொல்லாதவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. லூயிஸ் தன் மனைவி இறந்தபின் எழுதிய துயரக் குறிப்புகளை 1961-இல் புனைபெயரில்தான் வெளியிட்டார். தன் முகத்தில் கதவு அறைந்து சாத்தப்பட்டதுபோல் கடவுள் மௌனமாக இருந்ததை அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். துக்கத்தில் இருப்பவர்கள் அவருடைய விளக்க நூல்களைவிட இதையே நம்புவார்கள்.

வாசிக்கும் நேரம்

நாளுக்குப் பத்துப் பக்கம் என்று வைத்தால், 200 பக்க நூல் இருபது நாளில் முடியும். காலையில் வேதம், மாலையில் மற்ற இரண்டில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேதத்துக்கு முன்னால் மற்றவை வரக் கூடாது. நேரமே இல்லாத நாளில் மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு வரி ஜெபம் போதும். பென்சில் கையில் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் ஒரு கோட்டுக்குமேல் போடாதீர்கள். எல்லா வரிக்கும் கோடு போட்டால் திரும்பிப் பார்க்கும்போது எதுவும் தனியே தெரியாது. கடினமான பத்தி வந்தால் சத்தமாக வாசியுங்கள். மிலான் ஆயர் ஆம்புரோஸ் உதடு அசையாமல் மனதுக்குள் வாசிப்பதைக் கவனித்ததை அகஸ்டின் 'அறிக்கைகள்' ஆறாம் பகுதியில் குறிப்பிட்டு, குரல் கெட்டுவிடாமல் காத்துக்கொள்வதற்காக இருக்கலாம் என்றெல்லாம் காரணம் தேடுகிறார். அவர்கள் காலத்துப் புத்தகங்கள் காதுக்காகவும் எழுதப்பட்டவை. அவற்றைக் காதால் கேட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முடிந்தால் கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பியரிடம், வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டார். ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படிப் புரியும் என்றார் அவர். வாரம் ஒரு முறை ஒரே அதிகாரத்தைப் பற்றிப் பேச ஒரு நண்பர் போதும். போதகரோ குருவானவரோ கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

முடித்த அன்றே ஒரு பக்கம்

என்னைக் கேட்டால், இந்த வழிமுறையில் மற்ற எதை விட்டாலும் இதை விடக் கூடாது. கடைசிப் பக்கத்தை வாசித்த அன்றோ மறுநாளோ, நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். தள்ளிப்போட்டால் புத்தகத்தைப் பற்றிய ஓர் உணர்வுதான் மிஞ்சும். அதில் இருந்தது மறந்துவிடும். எழுத வேண்டியவை: புத்தகம் சொல்வது என்ன என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி, நீங்கள் நின்றுபோன இடம், ஒப்புக்கொள்ள முடியாத இடம், அதிலிருந்து பிறந்த ஜெபம், அடுத்து எங்கே போகச் சொல்கிறது. 'அறிக்கைகள்' நூலுக்கு அந்தப் பக்கம் இப்படி இருக்கலாம்:

"அகஸ்டின், 'அறிக்கைகள்', 1 முதல் 9 வரை. சொல்வது: ஓடிக்கொண்டே இருந்தவனைக் கடவுள் விடவில்லை. நின்ற இடம்: இரண்டாம் பகுதி, பேரிக்காய்த் திருட்டு. பசிக்குத் திருடவில்லை. அதைவிட நல்ல பழம் அவனிடமே இருந்தது. பறித்ததைப் பன்றிக்குப் போட்டார்கள். தனியாக இருந்தால் செய்திருக்க மாட்டேன் என்கிறார். ஒப்பாத இடம்: பல வருஷம் கூட வாழ்ந்தவள், தன் மகனைப் பெற்றவள், அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. மனம் கிழிந்தது என்று எழுதத் தெரிந்தவருக்குப் பெயர் எழுத என்ன தடை? ஜெபம்: கூட்டத்தோடு சேர்ந்தால் மட்டும் நான் பேசுகிற பேச்சுக்காக. அடுத்து: ரோமர் 13, தோட்டத்தில் அவர் திறந்து வாசித்த இடம்."

"ஒப்பாத இடம்" என்ற வரியைக் காலியாக விடாதீர்கள். பரிசுத்தவான் எழுதியதில் நான் என்ன குறை சொல்வது என்று தோன்றும். வேதத்தைத் தவிர எந்தப் புத்தகமும் அந்த மரியாதையைக் கேட்பதில்லை. எதிர்க்கேள்வி கேட்டுப் படித்த புத்தகம்தான் உள்ளே தங்குகிறது. ஜெப வரி ஒன்றிரண்டு சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அது உங்கள் வாழ்க்கையில் இருக்கும் ஒன்றைத் தொட வேண்டும்.

வேதப் புத்தகங்களுக்கும் இதே போல எழுதுங்கள், "ஒப்பாத இடம்" என்பதற்குப் பதிலாக "புரியாத இடம்" என்று போட்டுக்கொண்டு. மாற்கு 11-இல் அத்திமரத்தைச் சபித்தது பலருக்கும் அந்த வரியில் வரும். அந்தக் கேள்விகளைத் தனியாக ஒரு தாளில் சேர்த்துவைத்தால், விளக்கவுரை நூல் வாங்கும் நாளில் எதைத் தேடி வாங்குகிறோம் என்று தெரிந்திருக்கும்.

பாதியில் நின்றவை

நாற்பது ஐம்பது பக்கம் வாசித்தும் பிடிபடவில்லை என்றால் நிறுத்திவிடலாம். குற்றவுணர்வு வேண்டாம். நோட்டில் பெயர், நிறுத்திய பக்கம், காரணம் ஒரு வரி. "எனக்கு இப்போது முடியவில்லை" என்பதும் "இது தவறாகப் போதிக்கிறது" என்பதும் வேறு வேறு காரணங்கள்; எது என்று தெளிவாக எழுதுங்கள். முதல் வகையை ஒரு வருஷம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள்.

அடுத்தது

பட்டியலில் ஓர் இடம் காலியானதும் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தவற்றைப் பாருங்கள். இப்போது முடித்த புத்தகம் யாரைப் பற்றிப் பேசியதோ அவரிடம் போவது நல்ல வழி: லூயிஸிலிருந்து அத்தனாசியு, கெம்பிசிலிருந்து யோவான் சுவிசேஷம். ஒரே எழுத்தாளரின் மூன்று நூல்களை வரிசையாக எடுக்காதீர்கள். அவர் குரலிலேயே நாமும் யோசிக்கத் தொடங்கிவிடுவோம்.

தொடக்கத்துக்கு ஒரு வரிசை வேண்டுமென்றால்: முதல் மாதம் மாற்கும் சகோதரர் லாரன்ஸும் மட்டும், மூன்றாம் வரி காலியாகவே இருக்கட்டும். இரண்டாம் மாதம் லூக்கா, கெம்பிசின் முதல் பகுதி, கூடவே லூயிஸின் 'வெறும் கிறிஸ்தவம்'. மூன்றாம் மாதம் அப்போஸ்தலர் நடபடிகளைத் தொடங்குங்கள், போன்ஹோஃபரை எடுங்கள், லூயிஸ் முடியாமல் இருந்தால் முடியுங்கள். நான்காம் மாதம் அகஸ்டினுக்குப் போகலாம். வருஷக் கடைசியில் ஒரு மாலை நோட்டை எடுத்து "படித்து முடித்தவை" பக்கங்களை முதலிலிருந்து வாசித்து, மறுபடி படிக்க விரும்பும் ஒன்றுக்கு நட்சத்திரம் போடுங்கள். புது வருஷத்தில் இரண்டாம் வரியில் முதலில் எழுத வேண்டியது அந்தப் பெயர்.